வெரைட்டி ஹால்: ஒரு சாலைக்குப் பெயர் தந்த சினிமாக் கொட்டகை

கோயம்புத்தூர் டவுன்ஹால் வட்டாரத்தில் வெரைட்டி ஹால் ரோடு என்றொரு சாலை இருக்கிறது. அங்கே கடை வைத்திருப்பவர்கள் தங்கள் ரசீதுகளில் அந்தப் பெயரைத்தான் முகவரியாக அச்சிடுகிறார்கள். அப்பகுதியின் காவல் நிலையத்துக்கும் அதுவே பெயர். ஊர்க்காரர்களின் பேச்சில் அது வி.எச். ரோடு என்று சுருங்கிவிட்டதால், அந்த இரண்டு எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று கேட்டால் இளையவர்கள் பலருக்குச் சட்டென்று விடை வருவதில்லை. 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் அங்கே கட்டிய சினிமாக் கொட்டகையின் பெயர் வெரைட்டி ஹால். பிற்காலத்தில் அது டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறி, நூறாண்டுக்கு மேல் அதே இடத்தில் நின்று, அண்மை ஆண்டுகளில் இடிக்கப்பட்டது.

இப்படி மறைந்த தியேட்டர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் தொலைக்காட்சி கொன்றது, திருட்டு சிடி கொன்றது, கைபேசி கொன்றது என்று ஒரு வரியில் காரணம் சொல்லி முடித்துவிடுகிறோம். அவற்றுக்கெல்லாம் பங்கு உண்டு என்றாலும், வெரைட்டி ஹாலின் வரலாற்றை முதலிலிருந்து பார்க்கும்போது எனக்கு வேறொன்று தெளிவாகிறது. சினிமா தொடக்கத்தில் ஊர் ஊராகச் சுற்றிய தொழில். அது ஒரு தெருவில் சுவர் எழுப்பிக் குடியேறியதற்குச் சில திட்டமான காரணங்கள் இருந்தன. விளக்கு எரிக்க மின்சாரம் வேண்டும், படச்சுருள் தீப்பற்றக்கூடியது, படம் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கியது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக வலுவிழந்தபோதுதான், அந்தச் சுவர்கள் அங்கே நிற்பதற்கான தேவையும் கரைந்தது.

வின்சென்ட் 1883இல் கோவையில் பிறந்தவர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்துவந்தார். 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். உடல்நலம் கெட்டதால் பயணத்தைத் தொடர முடியாமல் கருவிகளை விற்றுவிட்டு நாடு திரும்ப எண்ணினார். அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினார். மாதச் சம்பளத்தில் வாழ்ந்த ஒரு ரயில்வே ஊழியருக்கு அந்தக் காலத்தில் அது பல ஆண்டு வருமானத்துக்குச் சமமான தொகை. வேலையை விட்டுவிட்டு, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம் உட்பட அந்தச் சுருள்களை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், தமிழ்நாட்டு ஊர்களில் தொடங்கி வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும், கடல் கடந்து இலங்கை, பர்மா, மலாயா வரையிலும் போனார்.

இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டியிருந்தது என்ற கேள்வியில்தான் அன்றைய சினிமாத் தொழிலின் கணக்கு அடங்கியிருக்கிறது. ஓர் அடி நீளமுள்ள 35 மில்லிமீட்டர் படச்சுருளில் 16 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) இருக்கும். மௌனப்படங்கள் நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டகம் என்ற வேகத்தில் ஓட்டப்பட்டதால், நொடிக்கு ஓர் அடி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 1,000 அடிச் சுருள் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். அன்று படத்தை யாரும் வாடகைக்குத் தரவில்லை. அடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்கிய சில சுருள்களை ஓர் ஊர் மக்கள் எல்லோரும் பார்த்துவிட்டால், படக்காரருக்கு இரண்டே வழிகள் இருந்தன: புதுச் சுருள்களை வாங்குவது, அல்லது அந்தச் சுருள்களைப் பார்க்காத புது ஊருக்குப் போவது. முதல் வழிக்குப் பெரும்பணம் வேண்டும் என்பதால் எல்லோரும் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். கூடாரம், திரை, புரொஜெக்டர், ஓர் எடுபிடி ஆள் ஆகியவற்றோடு மாட்டுவண்டியும் ரயிலும் ஏறிப் போனதுதான் தென்னிந்தியச் சினிமாவின் முதல் பத்தாண்டு. வின்சென்ட் சென்னை எஸ்பிளனேடு பகுதியிலும் கூடாரம் போட்டுப் படம் காட்டியிருக்கிறார். மச்சிலிப்பட்டினத்தில் பிறந்து சென்னையில் புகைப்பட நிலையம் நடத்திய ரகுபதி வெங்கையா, அதே காலத்தில், ஒலித்தட்டோடு இணைந்து ஓடும் படக்கருவி ஒன்றை வாங்கி, அவரும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் போய்வந்தார்.

இந்த நிலை ஏறத்தாழ 1907க்குப் பிறகு மாறியது. பிரான்சின் பாத்தே நிறுவனம் படங்களை விற்பதைக் குறைத்துக்கொண்டு வாடகைக்கு விடும் முறைக்கு மாறியது. இந்தியாவிலும் கிளை திறந்தது. வின்சென்ட் அந்த நிறுவனத்தின் முகவரானார். வாடகை முறை வந்ததும் கணக்கு தலைகீழானது. இனிப் பார்வையாளர்களைத் தேடிப் படம் அலைய வேண்டியதில்லை. பார்வையாளர்கள் இருக்கும் இடத்துக்குப் படம் வாரந்தோறும் மாறி மாறி வரும். அன்றைய கோவையின் மக்கள்தொகை சுமார் 50,000. ஒரு கொட்டகைக்கு நாளொன்றுக்கு 500 பேர் வருவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், குழந்தைகள், முதியவர்கள் உட்பட ஊரே 100 நாளில் பார்த்துத் தீர்ந்துவிடும். உண்மையில் சினிமா பார்க்கக் கூடியவர்கள் அதில் ஒரு பகுதிதான். ஆகவே இவ்வளவு சிறிய ஊரில் ஒரு நிரந்தரக் கொட்டகை பிழைக்க வேண்டுமென்றால், அதே ஆள் திரும்பத் திரும்ப வர வேண்டும். அவர் வர வேண்டுமென்றால் படம் அடிக்கடி மாற வேண்டும். வாடகை முறையை உள்ளிருந்து அறிந்த பாத்தே முகவர் ஒருவரால்தான் 1914இல் கோவையில் அந்தத் துணிச்சலான முடிவை எடுக்க முடிந்தது என்பது என் கருத்து.

பெயரை ஏன் வெரைட்டி ஹால் என்று வைத்தார் என்பதும் இங்கே விளங்குகிறது. அந்தக் காலத்து ஆங்கிலக் கேளிக்கை உலகில் வெரைட்டி என்றால் பாட்டு, வித்தை, உடற்பயிற்சிக் காட்சி, குறுநாடகம் எல்லாம் கலந்து தரும் பல்சுவை நிகழ்ச்சி. வெறும் படத்தை மட்டும் நம்பி ஒரு கட்டடத்தை எழுப்புவது ஆபத்து என்று தொழிலில் எல்லோரும் கருதிய காலம் அது. மேடை உள்ள அரங்கமாக இருந்தால் படம் வராத வாரத்திலும் அதை வேறு எதற்காவது பயன்படுத்தலாம். மக்கள் அதைக் கொட்டகை என்று அழைத்தார்கள். நாடகக் கொட்டகையிலிருந்து வந்த அந்தச் சொல், கீற்றுக்கூரை போய்ச் செங்கல் சுவர் வந்த பிறகும், குளிர்சாதனம் வந்த பிறகும்கூடக் கொங்கு நாட்டு முதியவர்கள் வாயிலிருந்து போகவில்லை.

கட்டடம் கட்டியாகிவிட்டது, அடுத்து விளக்குக்கு வழி வேண்டும். ஊர் சுற்றிய படக்காரர்கள் பலர், சுண்ணாம்புக் கட்டியை ஆக்சிஜன், ஹைட்ரஜன் வாயுக்களின் சுடரில் வெண்ணிறமாகக் காய்ச்சி அந்த ஒளியில் படம் காட்டினார்கள். சிறு கூடாரத்துக்கு அது போதும். பெரிய கொட்டகையில் கடைசி வரிசை வரை முகம் தெரியும்படி காட்ட வேண்டுமானால் கார்பன் விளக்கு வேண்டும். இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கு இடையே மின்சாரம் தாவும்போது எழும் அந்த ஒளிக்குத் தடையில்லாத மின்சாரம் வேண்டும். 1914இல் கோவையில் பொது மின்விநியோகம் கிடையாது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிய பிறகுதான் மாவட்டத்தின் பஞ்சாலைகளும் பம்புசெட்டுகளும் மின்சாரத்தில் ஓடின. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே வின்சென்ட் எண்ணெய் எஞ்சினையும் டைனமோவையும் வரவழைத்துத் தன் கொட்டகைக்குத் தானே மின்சாரம் உண்டாக்கிக்கொண்டார்.

இந்தச் செய்தியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சினிமா வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எஞ்சின் என்பது கூடாரத்தைப் போலச் சுருட்டி வண்டியில் ஏற்றக்கூடியது அன்று. அதற்குக் கான்கிரீட் அடித்தளம் வேண்டும், எண்ணெய் இருப்பு வேண்டும், இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். வெரைட்டி ஹாலை அந்த இடத்தில் ஊன்றி நிற்க வைத்ததில் திரையைவிட எஞ்சினுக்குப் பங்கு அதிகம். படம் ஓடுவது மாலையிலும் இரவிலும்தான். பகலில் அந்த எஞ்சின் சும்மா நின்றால் போட்ட முதல் வீண். வின்சென்ட் மின்சாரத்தால் இயங்கும் அரிசி ஆலையையும் அச்சகத்தையும் தொடங்கியதை இந்தப் பின்னணியில் பார்த்தால், தொடர்பில்லாத தொழில்களை ஒருவர் ஆசைக்காகத் தொடங்கினார் என்று தோன்றாது. கொட்டகைக்காக வந்த மின்சாரம் நெல்லையும் அரைத்தது, நோட்டீசையும் அச்சடித்தது. பிற்காலத்தில் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஒரு நகரத்தில், மின்விளக்கு எரிந்த தொடக்ககால இடங்களில் ஒன்று சினிமாக் கொட்டகை என்பது அந்நகரின் வரலாற்றில் இன்னும் நன்றாகப் பதியப்பட வேண்டிய செய்தி.

மூன்றாவது காரணம் தீ. அன்றைய படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்ட பொருள் அது. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது. 1897இல் பாரிஸில் ஓர் அறக்கொடைச் சந்தையில் படக்கருவியின் விளக்கிலிருந்து பரவிய தீயில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பிரிட்டனில் 1909இல் வந்த சட்டம், புரொஜெக்டர் இருக்கும் அறை பார்வையாளர் பகுதியிலிருந்து தீப்பிடிக்காத சுவரால் பிரிக்கப்பட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1918ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டம் படத் தணிக்கையோடு காட்சியிட உரிமத்தையும் கொண்டுவந்தது. ஆப்பரேட்டர் அறை, வெளிப்புறம் திறக்கும் கதவு, போதிய வழி என்று விதிகள் வளர வளர, செங்கல் கட்டடம் வைத்திருந்தவர்களின் கை ஓங்கியது. நம் ஊர்களில் டூரிங் டாக்கீஸ்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன என்பது உண்மைதான்; ஆனால் அவற்றுக்குக் கிடைத்தது தற்காலிக உரிமமே. கீற்றுக் கொட்டகையின் ஆபத்து என்னவென்பதை 1979இல் தூத்துக்குடியில் லட்சுமி டூரிங் டாக்கீஸ் எரிந்து பல உயிர்கள் போனபோது தமிழ்நாடு நேரில் கண்டது.

வெரைட்டி ஹாலைத் தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்கு என்று பலரும் எழுதுகிறார்கள். அதைக் கொஞ்சம் திருத்திச் சொல்வதுதான் நியாயம். சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் எலெக்ட்ரிக் தியேட்டரை 1913இலேயே திறந்துவிட்டார். மேலே குறிப்பிட்ட ரகுபதி வெங்கையா அதே மவுண்ட் ரோட்டுப் பகுதியில் கெயிட்டி தியேட்டரைத் திறந்தது 1914இல். ஆகவே தென்னிந்தியாவில் இந்தியர் கட்டிய முதல் நிரந்தரக் கொட்டகை என்ற பெருமைக்குக் கெயிட்டியும் வெரைட்டி ஹாலும் ஒரே ஆண்டில் உரிமை கோருகின்றன. எது சில மாதம் முந்தியது என்ற வழக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஊரின் வேறுபாடு. சென்னை மாகாணத் தலைநகர். அங்கே வெள்ளை அதிகாரிகளும் வணிகர்களும் படித்தவர்களும் இருந்தார்கள். கோவை, பிளேக் நோய் திரும்பத் திரும்ப வந்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய ஒரு மாவட்டத் தலைநகர். 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில்லைத் தொடர்ந்து ஓரிரு ஆலைகள்தான் அங்கே வந்திருந்தன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கொட்டகை நிலைத்தது என்பதே, சினிமா பெருநகரத்தின் புதுமை என்ற கட்டத்தைத் தாண்டி ஊர்த்தெருவின் அன்றாடமாகிவிட்டது என்பதற்கு அடையாளம்.

உள்ளே நடந்தது என்ன? மௌனப்பட காலத்துக் கொட்டகைகளில் மௌனம் இருந்ததே இல்லை. திரைக்கு அருகே ஹார்மோனியமும் தபலாவும் ஒலித்தன. படத்தில் வரும் எழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் நின்றுகொண்டு கதையைச் சத்தமாகச் சொல்வார். அமெரிக்கத் தொடர்படங்கள் வாரம் ஓரிரு பகுதியாகத் திரையிடப்பட்டன. ஒவ்வொரு பகுதியும் நாயகன் ஆபத்தில் சிக்கிய நிலையில் முடியும் என்பதால், அடுத்த வாரமும் அதே கூட்டம் வந்து நிற்கும். எட்டி போலோ என்ற அமெரிக்க சண்டை நடிகரின் பெயர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் தெரிந்திருந்தது அப்படித்தான். ஒரே ஆட்களை மீண்டும் மீண்டும் வரவழைக்க வேண்டும் என்று மேலே சொன்ன கணக்குக்கு இந்தத் தொடர்படங்கள் அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தின.

இருக்கை ஒழுங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரை, பெஞ்சு, நாற்காலி என்று டிக்கெட் விலைக்கேற்ப இடம் பிரிக்கப்பட்டிருந்தது. பெண்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. இது சமத்துவம் என்று சொல்ல முடியாது. ஆனால் யார் எங்கே உட்காரலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்த ஒரு சமூகத்தில், அதைக் காசு தீர்மானிக்கும் முதல் கலைக்கூடமாகச் சினிமாக் கொட்டகை வந்தது என்று ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக்காட்டியிருக்கிறார். கோயிலுக்குள்ளும் சபாக்களுக்குள்ளும் நுழைய முடியாதவர்கள், அதே நகரத்துச் செல்வர்களோடு ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்தில், ஒரே காட்சிக்குச் சிரித்தார்கள். வெரைட்டி ஹால் ரோட்டில் தூய்மைப் பணியாளர்களின் குடியிருப்பும் இருக்கிறது, சற்றுத் தள்ளி ஒப்பணக்காரத் தெருவில் பெரிய துணிக்கடைகளும் இருக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தச் சாலையில் ஒரு மலிவான தரை டிக்கெட்டுக்கு என்ன மதிப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

1931 அக்டோபர் 31 அன்று காளிதாஸ் வெளியாகித் தமிழ்த் திரை பேசத் தொடங்கியது. பேசும் படத்துக்குப் புதிய ஒலிக்கருவிகள் வேண்டும். எதிரொலிக்காத சுவர் வேண்டும். படம் நொடிக்கு 24 சட்டகம் என்ற மாறாத வேகத்தில் ஓட வேண்டும். கையால் சுழற்றும் கருவிகளின் காலம் முடிந்தது. வின்சென்ட் இந்த மாற்றத்தில் பின்தங்கவில்லை. கல்கத்தாவின் பயோனியர் பிலிம் கம்பெனியோடு சேர்ந்து, டி. பி. ராஜலட்சுமி நடித்த வள்ளி திருமணம் படத்தை 1933இல் கொண்டுவந்தார். அது பெரும் வெற்றி பெற்றது. தமிழ்ப் படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போகும் நிலை மாற வேண்டும் என்று கோவைத் தொழிலதிபர்கள் எண்ணியதன் விளைவாக 1930களின் நடுவில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் உருவானது. அதைத் தோற்றுவித்தவர்களில் வின்சென்டும் ஒருவர். பின்னர் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவும் வந்தது. 1940களில் எம்.ஜி.ஆரும் மு. கருணாநிதியும் தங்கள் திரைவாழ்வின் தொடக்கத்தில் கோவையில் தங்கி வேலை பார்த்ததும், 1947இல் ராஜகுமாரி அங்கே தயாரானதும் இந்தத் தொடர்ச்சியில் வருபவை. வின்சென்ட் 1942 ஏப்ரலில் காலமானார்.

அவருக்குப் பிறகான வெரைட்டி ஹாலின் கதை, ஒரு முன்னோடியின் கதையிலிருந்து ஒரு தெருத் தியேட்டரின் கதையாக மாறுகிறது. கோவையில் பெரிய தியேட்டர்கள் அடுத்தடுத்து வந்தன. பைக்காரா மின்சாரத்தால் பெருகிய பஞ்சாலைகளின் தொழிலாளர்கள் மூன்று ஷிஃப்டுகளிலும் வேலை செய்து, ஓய்வு கிடைத்த காட்சிக்குப் போய் அந்தத் தியேட்டர்களை நிரப்பினார்கள். பழைய சிறிய கொட்டகை டிலைட் என்ற பெயரோடு அடுத்த நிலைக்கு நகர்ந்தது. அந்த நிலை என்ன என்பதை இன்றைய வாசகர்களுக்கு விளக்கியாக வேண்டும், ஏனென்றால் அந்த வணிகமே இப்போது இல்லை.

ஃபிலிம் காலத்தில் ஒரு படத்துக்கு எடுக்கப்பட்ட பிரதிகள் குறைவு. மூன்று மணி நேரப் படம் என்றால் சுமார் 16,000 அடி. எடையில் முப்பது, நாற்பது கிலோ வரும். பிரதி ஒவ்வொன்றும் விலை உயர்ந்தது என்பதால், விநியோகஸ்தர் ஒரு பகுதிக்குச் சில பிரதிகளை மட்டும் வாங்குவார். அவை முதலில் நகரத்தின் ரிலீஸ் தியேட்டர்களில் ஓடும். கூட்டம் குறைந்ததும் படப்பெட்டி அங்கிருந்து இரண்டாம் நிலைத் தியேட்டர்களுக்குப் போகும்; இதைத் தொழிலில் ஷிஃப்டிங் என்பார்கள். அதன் பிறகு சிற்றூர், அதன் பிறகு டூரிங் டாக்கீஸ் என்று ஒரே பிரதி ஓராண்டு, இரண்டாண்டு பயணம் செய்யும். ஒவ்வொரு படிக்கும் வாடகை குறையும், டிக்கெட் விலை குறையும், திரையில் கீறல் கூடும். ரிலீஸ் தியேட்டரில் பார்க்கக் காசில்லாதவர், முதலில் பார்த்தும் மறுபடி பார்க்க விரும்பியவர், ஊருக்குப் போயிருந்ததால் தவறவிட்டவர் என்று எல்லோருக்கும் ஷிஃப்டிங் தியேட்டரில் இடம் இருந்தது. அதற்கும் அடுத்த படி பழைய படங்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களை வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டே பிழைத்த தியேட்டர்கள் தமிழ்நாட்டின் எல்லா நகரங்களிலும் இருந்தன. டிலைட்டும் தன் பிற்காலத்தில் பழைய படங்களையும் அவற்றைத் தேடிவந்த ரசிகர்களையுமே நம்பியிருந்தது.

1914இல் வின்சென்ட் போட்ட கணக்கு, படம் மாறிக்கொண்டே இருக்க ஆள் திரும்பத் திரும்ப வருவார் என்பதுதான், இந்தக் கட்டத்திலும் உயிரோடு இருந்தது. அதை உடைத்தவற்றில் முதலாவது தொலைக்காட்சி. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது. 1980களில் வீடியோ டெக்கு வந்தது. 1993இல் சன் டிவி வந்தது. புதுப்படத்தை இவற்றால் அவ்வளவு எளிதில் வீழ்த்த முடியவில்லை. வீழ்ந்தவை பழைய படங்களைப் போட்ட தியேட்டர்கள். ஞாயிறு மாலை வீட்டுக் கூடத்திலேயே சிவாஜி படம் இலவசமாக வரும்போது, அதற்காகத் தெருமுனைக்குப் போய் வரிசையில் நிற்பதற்குச் சிலர்தான் மீந்தார்கள்.

அடுத்து வந்தது டிஜிட்டல். 2000களின் நடுவிலிருந்து கியூப் போன்ற டிஜிட்டல் திரையிடல் முறைகள் பரவி, அடுத்த பத்தாண்டுக்குள் ஃபிலிம் பிரதி என்பதே இல்லாமல் போயிற்று. ஹார்டு டிஸ்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ படம் வந்துவிடுவதால், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் வெளியிட முடிகிறது. முதல் வாரக் கடைசியிலேயே வசூலை எடுத்துவிட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் திட்டமிடுகிறார்கள். இரண்டே வாரத்தில் ஆயுள் முடிகிற படத்துக்கு ஷிஃப்டிங் எங்கே? படப்பெட்டி ஒவ்வொரு படியாக இறங்கிவந்த ஏணி அப்படியே மறைந்தது. புதுப்படம் வேண்டுமானால் பல லட்சம் செலவிட்டு டிஜிட்டல் கருவி பொருத்த வேண்டும். பழைய படமே போதும் என்றால் அதன் ஃபிலிம் பிரதியைப் பேணுவாரில்லை. 1964ஆம் ஆண்டுப் படமான கர்ணன் 2012இல் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மறுபடி வந்தபோது நன்றாக ஓடியது. ஆனால் அது பெரிய தியேட்டர்களிலும் மல்டிபிளெக்ஸ்களிலும் ஓடியது. பழைய படத்துக்குக் கூட்டம் இருக்கிறது என்று காட்டிய அந்த வெற்றியின் பலன், பழைய படங்களைக் காலமெல்லாம் போட்டுவந்த சிறிய கொட்டகைகளுக்குப் போய்ச் சேரவில்லை. எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

மின்சாரம் எங்கும் கிடைக்கிறது. நைட்ரேட் சுருள் 1950களின் தொடக்கத்திலேயே வழக்கொழிந்து எளிதில் தீப்பற்றாத சுருள் வந்தது. இப்போது சுருளே இல்லை. எஞ்சினும் தீயும் பெட்டியும் சினிமாவைக் கட்டிப்போட்டிருந்த இடத்தில் இப்போது நிலம் மட்டுமே மிச்சம். அந்த நிலமோ, ரயில் நிலையத்துக்கும் டவுன்ஹாலுக்கும் பக்கத்தில், கோவையின் பழைய கடைவீதிகளை ஒட்டிய நிலம். சினிமாக் கொட்டகை என்பது இட வீண் மிகுந்த கட்டடம்; உயரமான கூரைக்குக் கீழே பெரும்பகுதி வெறும் காற்று. அதே இடத்தில் மூன்று மாடியில் கடைகள் கட்டினால் காலை முதல் இரவு வரை ஒவ்வொரு சதுர அடியும் வாடகை தரும். 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் அதையொட்டிய 1957ஆம் ஆண்டு விதிகளும் தியேட்டர்களுக்கு விதித்த பாதுகாப்பு நிபந்தனைகள் அவசியமானவை, அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தியேட்டர் நடத்துவதற்கான சி படிவ உரிமத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய கட்டடத்துக்குச் செலவு கூடியது, வருமானம் கூடவில்லை. 2020 மார்ச் முதல் நவம்பர் வரை கொரோனாவுக்காகத் தியேட்டர்கள் மூடப்பட்டபோது, தள்ளாடிக்கொண்டிருந்த ஒற்றைத் திரை அரங்குகள் பல மீண்டும் எழவே இல்லை.

உரிமையாளர்கள் நிலத்தை விற்பதையோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதையோ நான் குற்றமாகக் கருதவில்லை. பேரனோ கொள்ளுப்பேரனோ தன் கைக்காசைப் போட்டு ஊரின் நினைவைக் காக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நேர்மையாகாது. அந்தப் பொறுப்பு அரசுக்கு உரியது. தமிழ்நாடு மரபுச்சின்ன ஆணையச் சட்டம் 2012இலேயே நிறைவேறியது. ஆனால் ஆணையம் அமைக்கப்படவே அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின. தொல்லியல் துறையின் பாதுகாப்பு கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் கிடைத்ததுபோல ஒரு சினிமாக் கொட்டகைக்குக் கிடைக்க இந்த இடைவெளியில் வழியே இருக்கவில்லை. சினிமாவால் ஐந்து முதலமைச்சர்களைப் பெற்ற மாநிலம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நாம், அந்தச் சினிமா முதன்முதலில் சுவர் எழுப்பிக் குடியேறிய இடங்களில் ஒன்றைப் பட்டியலில்கூடச் சேர்க்காமல் விட்டுவிட்டோம்.

சென்னையின் கெயிட்டியும் 2000களில் இடிபட்டது. ஆக, 1913, 1914 ஆண்டுகளில் எழுந்த மூன்று கொட்டகைகளில் இன்றும் நிற்பது எலெக்ட்ரிக் தியேட்டர் ஒன்றுதான். வார்விக் மேஜரின் தொழில் இரண்டே ஆண்டுகளில் முடிந்து, 1915இல் அஞ்சல் துறை அந்தக் கட்டடத்தை வாங்கிக்கொண்டது. அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்துக்குள் அது இப்போதும் இருக்கிறது. முன்பு திரை தொங்கிய கூடத்தில் அஞ்சல்தலை சேகரிப்பாளர்களுக்கு அஞ்சல்தலைகள் விற்கிறார்கள்.